கிளோவரைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள்

கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிக்கிற, பாடத்திட்டக் குழுக்களில் உட்கார்ந்து வினாத்தாள் தயாரிக்கிற பேராசிரியர்களுக்கு வணக்கம்.

நான் உங்கள் துறையைச் சேர்ந்தவன் இல்லை. ஒரு சிறிய அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், மாநாட்டுத் தீர்மானம், கவிதைத் தொகுப்பு என்று எது வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்காருவேன். ஜூன் பிறந்தால் உங்கள் மாணவர்கள் வாங்கும் கைடுகள் வரிசையாக வரும். ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'க்கான கைடை மட்டும் நாலைந்து தடவை வரி விடாமல் படித்துத் திருத்தியிருக்கிறேன். பண்ணை விலங்குகள் எஜமானனைத் துரத்திவிட்டுத் தாங்களே ஆளத் தொடங்க, அதிகாரம் பன்றிகள் கைக்குப் போய்ச் சேரும் கதை அது. கைடுகள் எல்லாவற்றிலும் முதல் சில பக்கங்களுக்குள் ஓர் அட்டவணை வந்துவிடும். நெப்போலியன் என்கிற பன்றி என்றால் சோவியத் தலைவர் ஸ்டாலின். ஸ்னோபால் என்கிற பன்றி என்றால் அவருடைய போட்டியாளர் டிராட்ஸ்கி. ஸ்குவீலர் என்கிற பன்றி என்றால் சோவியத் கட்சியின் பிராவ்தா பத்திரிகை. மோசஸ் என்கிற காகம் என்றால் தேவாலயம். பாக்ஸர் என்கிற குதிரை என்றால் தொழிலாளி வர்க்கம். அவ்வளவுதான், ஐந்து மதிப்பெண்.

அந்த அட்டவணையில் தப்பு எதுவும் இல்லை. ரஷ்யாவை மனதில் வைத்துத்தான் எழுதினேன் என்று ஆர்வெல்லே சொல்லியிருக்கிறார். ஆனால் அட்டவணையோடு புத்தகமும் முடிந்துபோகிறதே, அதுதான் என் வருத்தம்.

எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருப்பவர்களின் மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன பருவத்தில் இந்த நாவல் அவளுக்குப் பாடம். கைடு மட்டும் போதும் என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல், க.நா.சு.வின் தமிழ் மொழிபெயர்ப்பை என்னிடம் வாங்கிப்போய் ஒரே ராத்திரியில் படித்தாள். அப்புறம் ஆங்கிலத்திலும் படித்தாள். ஒரு நாள் படியிறங்கி வந்து கேட்டாள்: "மாமா, கிளோவர்னு ஒரு குதிரை வருதே, அது யாரு? அட்டவணையில இல்லையே." நான் திருத்திய கைடு அது. புரட்டிப் பார்த்தேன். உண்மைதான், இல்லை.

கல்லூரித் தேர்வில், நாவலில் உன்னை மிகவும் பாதித்த இடம் எது என்று ஒரு கேள்வி வந்திருந்தது. அவள் கிளோவர் சுவர் முன்னால் நிற்கும் இடத்தை எழுதினாள். ஐந்துக்கு ஒன்றரை. ஓரத்தில், 'ஸ்டாலின் பற்றிக் குறிப்பிடவில்லை' என்று ஒரு வரி. அந்த ஆசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரே வாரத்தில் இருநூறு விடைத்தாள் திருத்துவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் எழுதியது சரி என்று நான் நம்புகிறேன். ஏன் என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சுவரைக் கொஞ்சம் என் தொழில்காரன் கண்ணால் பாருங்கள். பண்ணை விலங்குகள் எஜமானனைத் துரத்திவிட்டு, ஏழு கட்டளைகளைக் களஞ்சியத்துச் சுவரில் எழுதுகின்றன. தார் பூசிய கறுப்புச் சுவர். முப்பது கஜ தூரத்திலிருந்து படிக்கக்கூடிய பெரிய வெள்ளை எழுத்து. ஏணிமேல் ஸ்னோபால், இரண்டு மூன்று படி கீழே பெயின்ட் டப்பாவோடு ஸ்குவீலர். எழுத்துப்பிழை அதிகம் இல்லை. நண்பன் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்து இடம் மாறிவிட்டது, ஓர் 'எஸ்' திரும்பிக்கொண்டது, மற்றபடி சுத்தம் என்று ஆர்வெல் குறிக்கிறார். முதல் தடவை அதைப் படித்தபோது என் கை தானாகப் பேனாவைத் தேடியது. இந்த மனிதருக்கு அச்செழுத்தின் அருமை தெரியும் என்று அன்றைக்கே தோன்றியது.

அந்தப் பண்ணையில் யார் யாருக்கு எவ்வளவு படிக்கத் தெரியும் என்று கணக்குப்போட்டுச் சொல்கிறார் ஆர்வெல். பன்றிகளுக்கு நன்றாகத் தெரியும். நாய்களுக்கு ஓரளவு தெரியும், ஆனால் ஏழு கட்டளைகளைத் தவிர வேறு எதையும் படிக்க அவற்றுக்கு ஆசை இல்லை. மூரியல் என்கிற வெள்ளாடு குப்பைமேட்டில் கிடக்கும் பத்திரிகைத் துண்டுகளை எடுத்து மற்றவர்களுக்குப் படித்துக் காட்டும். பெஞ்சமின் என்கிற கழுதைக்கு எந்தப் பன்றிக்கும் குறையாமல் படிக்க வரும், ஆனால் படிக்காது. படிக்கத் தகுந்தது எதுவும் இல்லை என்று சொல்லிவிடும். பாக்ஸருக்கு நாலாவது எழுத்தைத் தாண்டவில்லை. கிளோவருக்கு எழுத்து எல்லாம் தெரியும், கூட்டிப் படிக்கத்தான் வராது. முதியோர் கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்த அனுபவம் எனக்குக் கொஞ்சம் உண்டு. கிளோவரைப் போன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பேருந்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வார்கள். எந்த ஊர் என்று கேட்டால் நம் முகத்தைப் பார்ப்பார்கள்.

பன்றிகள் எஜமானன் வீட்டுக் கட்டிலில் படுக்க ஆரம்பிக்கின்றன. கட்டிலில் படுக்கக் கூடாது என்று ஒரு கட்டளை இருந்ததே என்று கிளோவருக்கு ஞாபகம். சுவருக்கு முன்னால் போய் நிற்கிறது. எழுத்து எழுத்தாகத் தெரிகிறது, சேர்த்துப் படிக்க முடியவில்லை. மூரியலைக் கூப்பிட்டு, நாலாவது கட்டளையைப் படித்துச் சொல் என்கிறது. மூரியல் தட்டுத்தடுமாறிப் படிக்கிறது: விரிப்பு போட்ட கட்டிலில் எந்த விலங்கும் உறங்கக் கூடாது. விரிப்பு என்று ஒரு வார்த்தை இருந்ததாகக் கிளோவருக்கு நினைவில்லை. ஆனால் சுவரில் இருக்கிறதே, அப்படியானால் இருந்திருக்கத்தானே வேண்டும்?

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். ஆங்கிலத்தில் அந்தப் புதிய சொற்கள் வாக்கியத்தின் கடைசியில் வரும். இருக்கிற வரியை அழிக்க வேண்டாம், வரி முடிகிற இடத்தில் இரண்டு வார்த்தையை ஒட்டினால் போதும். 'விரிப்புகளோடு'. அப்புறம் மதுவைப் பற்றி, 'அளவுக்கு மீறி'. கொலையைப் பற்றி, 'காரணமின்றி'. ராத்திரி ஸ்குவீலருக்கு ஓர் ஏணி, ஒரு லாந்தர், கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட், வேலை முடிந்தது. தமிழில் இப்படி ஒட்ட முடியாது. 'கூடாது' என்பது கடைசியில் நிற்பதால் இடையில் செருக வேண்டும், மொத்த வரியையும் அழித்து எழுத வேண்டும். தன் மொழியின் வாக்கிய அமைப்பிலேயே அந்தத் திருட்டுக்கு எங்கே வழி இருக்கிறது என்று ஆர்வெல் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. பையன்கள் மறக்க மாட்டார்கள்.

திருத்தம் என்பதுதான் என் பிழைப்பு என்பதால் இந்தப் புத்தகத்தின் பிறப்பைப் பற்றியும் இரண்டு செய்தி சொல்கிறேன்.

1944இல் ஆர்வெல் இந்தக் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு பதிப்பகம் பதிப்பகமாக அலைந்தார். ஹிட்லருக்கு எதிரான போரில் சோவியத் யூனியன் பிரிட்டனுக்குக் கூட்டாளியாக இருந்த நேரம். வெளியிடுவதாக இருந்த பதிப்பாளர் ஜொனதன் கேப், அரசு அதிகாரி ஒருவர் எச்சரித்த பிறகு பின்வாங்கினார். ஆளுகிற கூட்டமாகப் பன்றிகளுக்குப் பதில் வேறு ஏதாவது விலங்கைப் போட்டிருந்தால் இவ்வளவு உறுத்தாது என்றும் அவர் கடிதத்தில் இருந்தது. ஃபேபர் பதிப்பகத்திலிருந்து கவிஞர் டி. எஸ். எலியட், நல்ல எழுத்து என்று பாராட்டிவிட்டு, இந்தப் பண்ணைக்குத் தேவை இன்னும் பொதுநலம் உள்ள பன்றிகள்தானே என்று எழுதித் திருப்பி அனுப்பினார். பன்றியை மாற்ற ஆர்வெல் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம், 1945 மார்ச். வேறொரு பதிப்பகத்தில் புத்தகம் அச்சுக்குப் போகிற நேரம். இப்போது ஆர்வெல் தானாகவே ஒரு திருத்தம் கேட்டுக் கடிதம் போடுகிறார். விலங்குகள் கட்டிய காற்றாலையை மனிதர்கள் வெடிவைத்துத் தகர்க்கும் இடம். நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் குப்புற விழுந்தன என்று எழுதியிருந்தார். அதை, நெப்போலியனைத் தவிர எல்லா விலங்குகளும் விழுந்தன என்று மாற்றச் சொன்னார். காரணம்? ஜெர்மன் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை, அங்கேயே இருந்தார். அவருக்கு அந்த நியாயத்தைச் செய்தாக வேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாரை எதிர்த்து முழுப் புத்தகமும் எழுதினாரோ, அந்த ஆளுக்காக ஒரே ஒரு சொல்லைத் திருத்தக் கடிதம் போடுகிறார். அந்த வரியைக் கவனித்து யாரும் கேள்வி கேட்டிருக்கப் போவதில்லை. ஆனாலும் நடந்தது அது என்பதால் திருத்தினார். ஸ்குவீலர் ஏணியில் ஏறிச் செய்வதும் திருத்தம். ஆர்வெல் செய்ததும் திருத்தம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைத்தான் ஆர்வெல்லிடம் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆர்வெல்லின் '1984' நாவலில் வரும் வின்ஸ்டன் ஸ்மித்தை ஏறக்குறைய என் தொழில்காரன் என்றே சொல்லலாம். பழைய பத்திரிகைகளை ஆட்சிக்குத் தோதாக மாற்றி எழுதும் 'உண்மை அமைச்சக'த்தில் அவனுடைய மேசைக்குத் துண்டுக் காகிதங்கள் வரும்: இந்தத் தேதி 'டைம்ஸ்' இதழில் இந்தப் பேச்சு தவறாக வந்திருக்கிறது, சரிசெய். பொய் எழுது என்று எந்தக் காகிதமும் சொல்லாது. அச்சுப்பிழை, மேற்கோள் பிழை, துல்லியத்துக்காகத் திருத்த வேண்டியது என்றுதான் சொல்லும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலை ஓடவில்லை எனக்கு. நான் தினமும் ஓரத்தில் எழுதும் அதே சொற்கள் அவை.

இது கற்பனையின் மிகை என்று மாணவர்கள் நினைக்கக்கூடும். 1950 ஜனவரியில் ஆர்வெல் காசநோயால் இறந்தார், வயது 46. மூன்று வருடம் கழித்து, ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியா கைது செய்யப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்குள் சோவியத் பெரும் கலைக்களஞ்சியத்தின் 5ஆம் தொகுதி, பெரியாவைப் பற்றிய புகழுரையோடும் முழுப்பக்கப் படத்தோடும் சந்தாதாரர்களின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்களுக்கு ஓர் உறை வந்தது. குறிப்பிட்ட பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டி எடுத்துவிட்டு, இத்துடன் உள்ள புதிய பக்கங்களை ஒட்டிக்கொள்ளவும் என்று அறிவுறுத்தல். ஒட்டுவதற்கு உள்பக்கத்தில் கொஞ்சம் ஓரம் விட்டு வெட்டச் சொல்லியிருந்தார்கள். புதிய பக்கங்களில், அகரவரிசையில் பெரியாவுக்குப் பக்கத்தில் வரும் பெரிங் கடலைப் பற்றி விரிவான கட்டுரை இருந்தது. எத்தனை வீடுகளில் அப்பா பிளேடு எடுக்க, பிள்ளைகள் பசை தடவியிருப்பார்கள்!

ஆர்வெல் இதை எங்கே கற்றார் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான், வகுப்பில்தான் சொல்லப்படுவதில்லை. 1936 டிசம்பரில் உள்நாட்டுப் போரில் தளபதி ஃபிராங்கோவின் படையை எதிர்த்துப் போரிட ஸ்பெயினுக்குப் போனார். அடுத்த மே மாதம் கழுத்தில் குண்டு பாய்ந்து மயிரிழையில் பிழைத்தார். அவர் சேர்ந்திருந்த சின்ன இடதுசாரிக் கட்சியை, ஸ்டாலின் ஆதரவாளர்கள் ஃபாசிஸ்டுகளின் கைக்கூலி என்று முத்திரை குத்தித் தடைசெய்யவைத்தார்கள். பதுங்குகுழியில் அவரோடு கிடந்தவர்கள் சிறைக்குப் போனார்கள். அவரும் மனைவி ஐலீனும் எல்லை தாண்டித் தப்பினார்கள். லண்டன் பத்திரிகைகளைத் திறந்தால், சண்டையே நடக்காத இடத்தில் பெரும் போர் என்று செய்தி. தான் கண்ணால் கண்ட ஆட்கள் செத்தது மட்டும் அச்சில் இல்லை. கிளோவர் சுவர் முன்னால் நின்ற நிலை அவருக்கே நேர்ந்தது. ஒரு வித்தியாசம், இவருக்குப் படிக்கத் தெரியும், எழுதவும் தெரியும். எழுதினார். 'கேட்டலோனியாவுக்கு வணக்கம்' 1938இல் வெளியானது. அச்சடித்த 1,500 பிரதிகள் அவர் சாகும்வரைகூட விற்றுத் தீரவில்லை.

நம் பக்கத்துக்கு நெருங்கிய ஒன்றும் உண்டு. 'யானையைச் சுடுதல்' கட்டுரையைப் பல இடங்களில் பாடமாக வைத்திருக்கிறீர்கள். பர்மாவில், மௌல்மெய்ன் ஊரில், போலீஸ் அதிகாரியாக இருந்தபோது மதம் பிடித்த யானையைச் சுட்ட கதை. கைடில் இரண்டே வரி: ஏகாதிபத்தியம் ஆளுகிறவனையும் அடிமையாக்குகிறது என்பதே இதன் கரு. ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு பிணம் கிடக்கிறது. யானை மிதித்துக் கொன்ற மனிதன். 'கறுத்த திராவிடக் கூலி' என்று ஆர்வெல் எழுதுகிறார். நம் கரையிலிருந்து கப்பலேறிப் போனவர்களில் ஒருவன். சேற்றில் முகம் புதைந்து, முதுகுத் தோல் உரிந்து கிடக்கிறான். செத்தவர்கள் முகத்தில் அமைதி இருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம் என்கிறார் ஆர்வெல். கடைசியில் இளைய வெள்ளைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள்: ஒரு கொரிங்கிக் கூலியைக் கொன்றதற்காக யானையைச் சுடுவதா, கூலியைவிட யானைக்கு விலை அதிகம். ஆந்திரக் கடற்கரையின் கொரிங்கா துறைமுகத்தை வைத்து வந்த ஏச்சுப் பெயர் அது. அந்தக் கூலி செத்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சட்டப்படி என் பக்கம் நியாயம் சேர்ந்துவிட்டதே என்று ஆர்வெல் தன்னைப் பற்றியே எழுதிவைக்கிறார். அழித்துவிட்டிருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது. அழிக்கவில்லை. இந்தப் பிணத்தைத் தாண்டி ஏகாதிபத்தியத்துக்குப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் அவன் யாராக இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

ஆர்வெல்லைப் புனிதராக்கவும் வேண்டாம். 1949இல், நோய்ப் படுக்கையில் இருந்தபோது, கம்யூனிஸ்ட் அனுதாபிகள் என்று தான் நினைத்த 38 பேரின் பெயர்களை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பிரச்சாரப் பிரிவுக்குக் கொடுத்தார். நம்பி எழுத வைக்கக் கூடாதவர்கள் என்று. எனக்கு அது மிகவும் வலித்த செய்தி. அதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

அவருடைய கதைக்கும் சிலர் ஏணி போட்டு ஏறினார்கள். 1954இல் அமெரிக்க உளவுத்துறையின் ரகசியப் பணத்தில் 'விலங்குப் பண்ணை' கார்ட்டூன் படமாக வந்தது. நாவலின் கடைசிக் காட்சியில், பன்றிகளும் மனிதர்களும் சேர்ந்து சீட்டாடுவதை ஜன்னல் வழியாகப் பார்க்கும் விலங்குகளுக்கு யார் பன்றி, யார் மனிதன் என்று அடையாளம் தெரியாமல் போகிறது. படத்தில் விலங்குகள் திரண்டு எழுந்து பன்றிகளை வீழ்த்திவிடுகின்றன. மனிதர்களையும் பன்றிகளோடு ஒன்றாக வைப்பது அவர்களுக்குத் தோதுப்படவில்லை. அதற்கு முன்பே, 1947இல், ஜெர்மனியின் அகதி முகாம்களில் இருந்த உக்ரைனியர்களுக்காக இந்நாவல் அவர்கள் மொழியில் அச்சானது. ஆர்வெல் காசு வாங்கவில்லை, ஒரு முன்னுரையும் எழுதிக்கொடுத்தார். மூனிக்கில் அமெரிக்க அதிகாரிகள் 1,500 பிரதிகளைப் பறிமுதல் செய்து சோவியத் தரப்பிடம் ஒப்படைத்தார்கள். சோவியத்தை மட்டும் சாடும் புத்தகம் இது என்று அட்டவணை போடும்போது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த முன்னுரையில்தான் கதை எப்படிப் பிறந்தது என்று ஆர்வெல் சொல்கிறார்: பத்து வயதுப் பையன் ஒருவன் பெரிய வண்டிக் குதிரையைச் சாட்டையால் அடித்து ஓட்டிப்போவதைப் பார்த்தாராம். தன் பலம் அந்தக் குதிரைக்குத் தெரிந்தால்! முதலில் அவர் கண்ணில் பட்டது ஒரு குதிரை. ஸ்டாலின் அப்புறம்தான்.

பெரும்பாலும் நீங்கள் மூரியலாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சுவரில் இருப்பதை எழுத்துக்கூட்டி அப்படியே படித்துக் காட்டுகிறீர்கள். அது நல்ல வேலைதான், மூரியல் இல்லாவிட்டால் கிளோவருக்கு அதுவும் கிடையாது. ஆனால் முன்பு சுவரில் என்ன இருந்தது என்று மூரியல் ஒருநாளும் சொல்வதில்லை. பெஞ்சமினுக்கு எல்லாம் தெரியும். ஏணி உடைந்து ஸ்குவீலர் பெயின்ட்டோடு விழுந்து கிடந்த ராத்திரி, அர்த்தம் புரிந்து தலையாட்டியது அது மட்டும்தான். பாக்ஸரை ஏற்றிப்போகும் வண்டியில் குதிரைகளை வெட்டிக் கொல்பவன் என்று எழுதியிருந்ததைப் படித்து அலறியதும் அதுதான். வண்டி அப்போது கிளம்பிவிட்டது.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அட்டவணைக் கேள்வி இருக்கட்டும். அதன் பக்கத்தில் கிளோவரைப் பற்றி ஒரு கேள்வி வையுங்கள். கிளோவரைக் கேட்டால் அதற்கும் ஒரு விடையைக் கைடில் போட்டுவிடுவார்கள், அதையும் நான்தான் திருத்துவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: நீ கண்ணால் கண்ட ஒரு சம்பவம் பிறகு வேறு மாதிரி எழுதப்பட்டோ சொல்லப்பட்டோ வந்ததா? எந்தச் சொல் மாறியிருந்தது? அப்போது உன் ஞாபகத்தை நம்பினாயா, எழுத்தை நம்பினாயா? தெருச் சண்டையாக இருக்கலாம், குடும்பத்துக் கதையாக இருக்கலாம், கல்லூரிச் சுற்றறிக்கையாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் எழுதட்டும். இருநூறு விடைத்தாளிலும் இருநூறு விதமாக இருக்கும், திருத்த நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான்.

மாடி வீட்டுப் பெண்ணின் விடைத்தாள் நகல் என்னிடம் இருக்கிறது. அவள் அனுமதியோடு கடைசி வரியை மட்டும் தருகிறேன்: 'கிளோவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஞாபகம் சரியாக இருந்தது, அதை யாராவது கிளோவரிடம் சொல்லியிருக்கலாம்.' ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஒரு காற்புள்ளி மட்டும் விட்டுப்போயிருந்தது.

இப்படிக்கு,
அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் ஒரு வாசகன்